ஃபோம் மேல் ஃபைபர்கிளாஸ்: வண்டிக்கு மேல்மூடி செய்த அனுபவம்

என் மூன்று சக்கர மிதிவண்டிக்கு எதிர்க்காற்றைத் தடுக்கும் மேல்மூடி ஒன்றை நானே செய்ய முனைந்தபோது, தெர்மாகோல் பலகைகளை ஒட்டிச் செதுக்கி முன்மூக்கின் வளைவைக் கொண்டுவரவே இரண்டு வாரங்கள் ஆயின. அதன்மேல், இறுகிக் கெட்டியாகும் பிசினான பாலியெஸ்டர் ரெசினைத் தடவிய சில நிமிடங்களில் வளைவு முழுவதும் குழிந்து உள்வாங்கியது. பாலியெஸ்டர் ரெசினில் கலந்திருக்கும் ஸ்டைரீன் என்னும் திரவம், பாலிஸ்டைரீனாலான தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. பாலியூரித்தேன் ஃபோமை அது கரைப்பதில்லை. தெர்மாகோலைத்தான் செதுக்குவதென்றால் ஸ்டைரீன் இல்லாத எபாக்ஸி ரெசினே பொருந்தும்.

மீண்டும் தொடங்க எனக்குத் தெம்பளித்தது, பர்ட் ருட்டன் வடிவமைத்து 1975-இல் முதன்முதலாகப் பறந்த வேரி-ஈஸி விமானம். வார்ப்பு அச்சு எதுவும் இல்லாமல், செதுக்கிய ஃபோமின் மேலேயே கண்ணாடியிழைத் துணியையும் எபாக்ஸியையும் போர்த்திச் செய்யப்பட்ட விமானம் அது. விமானத்துக்கே அது போதுமென்றால் என் வண்டிக்குப் போதாதா என்று துணிந்தேன்.

இரண்டாவது முயற்சியில் என்னை மிகவும் சோதித்தவை ஓரங்கள்தாம். கண்ணாடியிழைத் துணி கூரான விளிம்பில் மடிந்து படியாமல் மேலெழும்பி, அடியில் காற்றைத் தேக்கிக்கொள்ளும். ஆகவே விளிம்புகளை எல்லாம் உப்புத்தாளால் தேய்த்து உருட்டிவிட்டு, வளைவான இடங்களில் இழைகள் 45 பாகைச் சாய்வில் வரும்படி துணியை வெட்டிப் போட்டபோது, அது தானாகவே வளைந்து படிந்தது. ரெசின் மிகுந்தால் வலிமை கூடும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் மிகுதியான ரெசின் துணியை மிதக்கவிட்டு எடையைத்தான் கூட்டுகிறது. துணி தன் வெண்மை மாறித் தெளிந்ததும், எஞ்சியதை ரப்பர் பட்டையால் வழித்தெடுத்துவிட வேண்டும்.

ஒருமுறை குவளை நிறையக் கலந்து வைத்த எபாக்ஸி, கையில் பிடிக்க முடியாதபடி சூடேறிப் புகைந்தது. இறுகும்போது வெளிவரும் வெப்பம் குவளைக்குள் அடைபட்டு, இறுகுதலை மேலும் விரைவுபடுத்துவதால் இப்படி நேர்கிறது. அன்று முதல் சிறிதளவே கலந்து, அகலமான தட்டில் பரப்பி வைத்துக்கொள்கிறேன். சீக்கிரம் இறுகட்டும் என்று ரெசினை இறுகச் செய்யும் ஹார்ட்னரை அளவுக்கு மேல் ஊற்றியவர்கள் உண்டு. எபாக்ஸியில் அது பலிக்காது. கலவை விகிதம் தவறினால் பூச்சு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

மற்றொருவரின் பகிர்வு

மேலே எழுதியவரைப் போல நானும் எபாக்ஸிக்கு மாறினேன். ஆனால் பாலியெஸ்டருக்கென்று வாங்கி மீந்திருந்த நறுக்கிழைப் பாயையே (நறுக்கிய கண்ணாடியிழைகளைப் பசையால் பிணைத்த விரிப்பு) பயன்படுத்தினேன். அதன் இழைகளைப் பிணைக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்கென்று அமைந்தது. எபாக்ஸியில் அது கரையாததால் பாய் விறைப்பாகவே நின்று, சக்கர மூடியின் வளைவில் படியவில்லை. நெய்த துணி வாங்கிய பிறகே வேலை நடந்தது.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். சில மாதங்கள் கையுறை இல்லாமல் வேலை செய்த எனக்கு, ஒருநாள் முன்கைகளில் அரிப்பும் தடிப்பும் தோன்றின. எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்ப வருகிறது. இப்போது நைட்ரைல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் ரெசின் டப்பாவைத் திறப்பதில்லை; தேய்க்கும்போது தூசிக்கான முகக்கவசத்தையும் கழற்றுவதில்லை.