சேம் சைடு கோல் போட்ட கொலாஷினாட்ஸ் கதையை யாராவது சொல்ல முடியுமா?

தஞ்சாவூர் அப்பா:

வணக்கம். என் மகனுக்கு 14 வயது. இடது கால்காரன், கட்டையான உடம்பு, பள்ளிக் கால்பந்து அணியில் லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன். போன சனிக்கிழமை கார்னரில் வந்த பந்து அவன் முழங்காலில் பட்டு எங்கள் வலைக்குள்ளேயே போய்விட்டது. 1-0 தோல்வி. அன்றிலிருந்து பூட்ஸ் சேறு காய்ந்து வாசலிலேயே கிடக்கிறது, தொடவே இல்லை. 'லெஃப்ட் பேக் ஓட்டம் உனக்கு வராது' என்று பயிற்சியாளர் வேறு சொல்லியிருக்கிறார். உலகக் கோப்பையில் இப்படிக் கோல் போட்ட போஸ்னியாக்காரர் ஒருவரைப் பற்றி அலுவலகத்தில் ஒரு தம்பி சொன்னான். எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். பையனிடம் நான் சொல்கிற மாதிரி யாராவது எழுதுங்களேன்.

நீலவெள்ளை:

சார், நான் ஜெர்மனியின் ஷால்கே அணி ரசிகன். செயாத் கொலாஷினாட்ஸ் 2012-ல் எங்கள் முதல் அணிக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். பிறந்தது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில். ஜெர்மனி இளையோர் அணிகளில் ஆடிவிட்டு, 2013-ல் போஸ்னியாவுக்கு மாறினார்.

அந்தக் கோலைச் சொல்கிறேன். 2014 ஜூன் 15, ரியோவின் மரக்கானா. நமக்கு அதிகாலை மூன்றரை மணி. உலகக் கோப்பையில் போஸ்னியா ஆடும் முதல் ஆட்டமே அதுதான், எதிரே அர்ஜென்டினா. மூன்றாவது நிமிடம் மெஸ்ஸியின் ஃப்ரீ கிக். அவர் அணியின் ரோஹோ தலையால் லேசாக உரசினார். பின்னால் நின்ற கொலாஷினாட்ஸுக்குக் காலை விலக்கக்கூட நேரமில்லை, பட்டு உள்ளே போய்விட்டது. கோல்கீப்பர் பெகோவிச் எட்டிப் பிடிக்கப் பார்த்தும் பயனில்லை. அதுவரை எந்த உலகக் கோப்பையிலும் இவ்வளவு சீக்கிரம் ஒரு சேம் சைடு கோல் விழுந்ததில்லை. அவருக்கு 21 வயது முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது.

உங்கள் பையனுக்கு இதை மறக்காமல் சொல்லுங்கள்: பயிற்சியாளர் சூஷிச் அவரை வெளியே எடுக்கவில்லை. கடைசி விசில் வரை ஆடினார். போஸ்னியா தோற்றது, ஆனால் 2-1தான். இபிஷெவிச் ஒரு கோல் திருப்பிப் போட்டார்.

2017-ல் கொலாஷினாட்ஸ் இங்கிலாந்தின் ஆர்சனலுக்குப் போனார். ஆகஸ்டில் வெம்ப்ளியில் செல்சியுடன் கம்யூனிட்டி ஷீல்டு, சீசன் தொடக்கத்தில் நடக்கும் ஒற்றைக் கோப்பை ஆட்டம். ஆர்சனல் டிஃபெண்டர் மெர்டசாக்கருக்கு முகத்தில் அடிபட்டதால் ஆட்டத்தின் நடுவே இறங்கியவர், 82-வது நிமிடம் ஷாக்கா அடித்த ஃப்ரீ கிக்கைத் தலையால் முட்டி 1-1 ஆக்கினார். பெனால்டியில் ஆர்சனல் ஜெயித்தது. அதே மாதிரி ஒரு ஃப்ரீ கிக்தான் சார், இந்தத் தடவை சரியான வலை. எங்களை விட்டுப் போன வருத்தத்தையும் மீறி அன்று கத்திவிட்டேன்.

மூன்றாம் தடுப்பு:

ஓட்டத்தைப் பற்றிப் பயிற்சியாளர் சொன்னதற்கு நான் பதில் சொல்கிறேன் அண்ணா. இங்கிலாந்திலும் அவரைப் பற்றி இதே பேச்சுதான் இருந்தது. முன்னால் போகும்போது லாரி மாதிரி இடித்துக்கொண்டு போவார், பந்தை இழந்தால் முதுகுக்குப் பின்னால் அத்தனை இடமும் காலி. நான்கு பேர் தடுப்பு வரிசையில் லெஃப்ட் பேக்குக்கு அது பெரிய குறை. 2021-ல் ஷால்கேவுக்குத் தற்காலிகமாக, கடன் வீரராகத் திரும்பியபோது அந்த அணியே கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. பலரும் அவர் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள்.

பிரான்ஸின் மார்செய் அணிக்குப் போனார், அப்புறம் 2023-ல் இத்தாலியின் அட்டலான்டா. அங்கே அப்போதைய பயிற்சியாளர் காஸ்பெரினி மூன்று டிஃபெண்டர் வைத்து, ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு ஆட வைப்பவர். மூவரில் இடப்பக்கம் இவர். மோதல், தோள் பலம், பந்தைப் பறித்ததும் நேராக முன்னேறுவது, இவரிடம் இருந்ததெல்லாம் அங்கே தேவைப்பட்டது. வெளி ஓரத்தில் மேலும் கீழும் ஓடுகிற வேலையை அவருக்கு முன்னால் ஆடும் விங் பேக் பார்த்துக்கொண்டார். 2024 மே மாதம் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் ஜெர்மனியின் லெவர்குசனை 3-0 என்று அடித்தார்கள். 51 ஆட்டம் தோற்காமல் வந்த அணி அது. 1963-க்குப் பிறகு அட்டலான்டா வாங்கிய முதல் பெரிய கோப்பை. மூன்று கோலும் லுக்மன் போட்டதால் பின்வரிசையை யாரும் பேசவில்லை, எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான்.

2025 ஏப்ரலில் கொலாஷினாட்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பையனை ஒரு முறை மூன்று பேர் வரிசையில் இடப்பக்கம் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நிறைய உயரம் வேண்டும் என்பதில்லை.

தஞ்சாவூர் அப்பா:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி தோசை சாப்பிடும்போது சொன்னேன். தலையைத் தூக்கவே இல்லை. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்: "அவரை உடனே மாத்தலையாப்பா?" இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, அந்த மூன்று பேர் ஆட்டத்தைப் பார்க்க முடியுமா என்றான். எந்த ஆட்டத்தைக் காட்டலாம்?

மூன்றாம் தடுப்பு:

நான் சொன்ன லெவர்குசன் ஆட்டம்தான் அண்ணா, டப்ளினில் நடந்தது. முதல் பாதி மட்டும் போதும், இடைவேளையில் அவரை மாற்றிவிட்டார்கள். பந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டாம். இவர் யாரை ஒட்டிக்கொண்டு போகிறார், எவ்வளவு தூரம் போகிறார் என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.