டிராக்கர் இல்லாதவன் வானத்தைப் பார்க்கவே கூடாதா?

கூகை:
நேற்று இந்த வான்படக் குழுவில் கற்றுக்குட்டி ஒரு கேள்வி கேட்டிருந்தார். பழைய கிராப் சென்சார் (சிறிய அளவு சென்சார்) கேமரா, 18-55 கிட் லென்ஸ், ஒரு 50 எம்எம் எஃப் 1.8, ஒரு முக்காலி. இதை வைத்துக்கொண்டு ஓரையன் நெபுலாவை, அதாவது ஓரையன் விண்மீன் கூட்டத்தில் உள்ள ஒளிரும் வாயு மேகத்தை, எடுக்க முடியுமா என்று. அதற்குத் துருவன் சொன்ன பதில்: "முதலில் டிராக்கர் வாங்குங்கள், அதுவரை கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்." டிராக்கர் என்றால் வானம் சுழலும் வேகத்துக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் கருவி. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ஆசையோடு வருகிறவர்களை விரட்டுகிறோம். நட்சத்திரம் கோடாக இழுபடாமல் எத்தனை விநாடி வைக்கலாம் என்பதற்கு 500 விதி இருக்கிறது: 500-ஐ லென்ஸின் குவியத் தூரமான 50-ஆல் வகுத்தால் 10. பத்து விநாடி ஷட்டரைத் திறந்து வையுங்கள். நூறு படம் எடுங்கள். டீப் ஸ்கை ஸ்டேக்கர் மென்பொருளில் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள், அது இலவசம். நெபுலா தானாக எழுந்து வரும். டிராக்கர் எதற்கு?

துருவன்:
பத்து விநாடியா? கிராப் சென்சார் என்று நீங்களே எழுதிவிட்டு நாலு வரி தாண்டுவதற்குள் மறந்துவிட்டீர்கள். சின்ன சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும், அதனால் 50-ஐ 1.6-ஆல் பெருக்க வேண்டும், 80. 500-ஐ 80-ஆல் வகுத்தால் ஆறேகால் விநாடி. உங்கள் விதிப்படியே நீங்கள் தவறு.

கூகை:
நான் பத்து விநாடி வைத்துத்தான் எடுக்கிறேன். நட்சத்திரங்கள் புள்ளியாகத்தான் வருகின்றன. போன மாதம் இங்கே போட்ட படத்தைப் பாருங்கள்.

துருவன்:
பார்த்தேன். படத்தின் நடுவில் துருவ நட்சத்திரம் உட்கார்ந்திருக்கிறது! வானம் சுழலும் அச்சே அங்கேதான், அந்தப் பக்கம் நட்சத்திரம் நகர்வதே தெரியாது ஐயா. பத்து விநாடி என்ன, ஒரு நிமிடம்கூட வைக்கலாம். ஓரையன் நெபுலா இருப்பது வான நடுவரைக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் உள்ள கற்பனைக் கோடு) பக்கத்தில், வெறும் ஐந்து பாகை தெற்கே. அங்கே வானம் விநாடிக்கு 15 வில்விநாடி (ஒரு பாகையில் 3600 வில்விநாடி) ஓடும். 4.3 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவில் 50 எம்எம் லென்ஸைப் போட்டால் ஒரு பிக்சலுக்குக் கிட்டத்தட்ட 18 வில்விநாடி. பத்து விநாடியில் 150. அதாவது எட்டு பிக்சலுக்கு மேல் நீளமான கோடு. இதற்குப் பெயர் புள்ளியா?

மேகமூட்டம்:
துருவனுக்குத் துருவ நட்சத்திரத்தின் மேலேயே கோபம். இருவரும் இருந்த இடத்தைவிட்டு நகராதவர்கள் என்பதாலோ?

துருவன்:
துருவ நட்சத்திரமும் நகரும். உண்மையான துருவத்திலிருந்து அரைப் பாகைக்கு மேல் தள்ளித்தான் இருக்கிறது. கிண்டல் செய்யும்முன் கொஞ்சம் படிக்கலாம்.

கூகை:
எட்டு பிக்சல், எட்டு பிக்சல்! படத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்குத்தான் இந்த நோய். முழுப் படமாகப் பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது? சந்திரனுக்கு நீலச் சாயம் பூசி "இயற்கை நிறம்" என்று போட்டவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

துருவன்:
அது வெள்ளைச் சமநிலைத் தவறு என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஒன்றரை வருடமாக அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். பேச்சை மாற்ற வேண்டாம். பத்து விநாடியில் கோடு விழுமா விழாதா? ஆம் அல்லது இல்லை.

கற்றுக்குட்டி:
இருவருக்கும் நன்றி. ஒரு சின்னச் சந்தேகம். லென்ஸில் முடிவிலிக் குறி இருக்கிறதே, ஃபோகஸை அதில் வைத்தால் போதுமா?

பலகைக்காரர்:
தம்பி, டிராக்கரை வாங்க வேண்டாம், செய்யலாம். இரண்டு பலகை, நடுவில் ஒரு கீல், ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும் ஒரு எம்6 போல்ட். கீலிலிருந்து 229 மில்லிமீட்டரில் போல்ட்டைப் பொருத்தி, கீலின் அச்சைத் துருவத்தை நோக்கி வைத்து, நிமிடத்துக்கு ஒரு சுற்று கையால் திருப்பினால் வானத்தோடு சேர்ந்து கேமராவும் திரும்பும். 1970-களில் ஜார்ஜ் ஹேக் என்பவர் காட்டிய வழி. 50 எம்எம் லென்ஸில் இரண்டு நிமிடம்கூட எடுத்திருக்கிறேன். இங்கே ஆறு விநாடிக்கும் பத்து விநாடிக்கும் அடித்துக்கொள்கிறீர்கள்.

துருவன்:
228.6. பூமி ஒரு முறை சுழல 23 மணி 56 நிமிடம். நீங்கள் 24 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டு 229 என்கிறீர்கள்.

பலகைக்காரர்:
என் ரம்பத்தின் கனமே அதைவிட அதிகம் தம்பி. கையால் போல்ட் திருப்புகிறவனிடம் அரை மில்லிமீட்டர் கணக்கா?

கூகை:
இப்போது புரிகிறதா, இவரோடு பேசுவது எப்படி என்று?

துருவன்:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பத்து விநாடி. கோடா, புள்ளியா?

மேகமூட்டம்:
கற்றுக்குட்டி, முடிவிலிக் குறியை நம்பாதீர்கள், பெரும்பாலும் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) சிரியஸ் மாதிரிப் பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது சிறுத்துச் சிறுத்து ஊசி முனை ஆகும்வரை வளையத்தைத் திருப்புங்கள். எஃப் 1.8-இல் ஓரத்து நட்சத்திரங்கள் சிறகு முளைத்த மாதிரி வரும். லென்ஸின் துளையை எஃப் 2.8-க்குச் சுருக்குங்கள். அப்புறம் ஜேபெக் வேண்டாம், கேமரா சுருக்காத ரா கோப்பாக எடுங்கள்.

கூகை:
எஃப் 2.8-க்குப் போனால் ஒளி பாதிக்கும் கீழே போய்விடும். அதனால்தான் பத்து விநாடி தேவைப்படுகிறது. என் பக்கம் நியாயம் இருப்பதை மேகமூட்டமே ஒப்புக்கொள்கிறார்.

மேகமூட்டம்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. என்னை இழுக்காதீர்கள்.

துருவன்:
ஒளி போதவில்லை என்றால் படங்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், விநாடியை அல்ல. இரண்டு விநாடி வீதம் 300 படம் என்றால் மொத்தம் பத்து நிமிடம். ஒரு படத்துக்கு இரண்டு பிக்சலுக்குள்தான் நகர்வு.

கூகை:
ஆஹா! அப்படியானால் டிராக்கர் இல்லாமலே எடுக்கலாம் என்று இப்போது நீங்களே சொல்கிறீர்கள்!

துருவன்:
அப்படிச் சொல்லவில்லை. சென்சாரிலிருந்து 300 முறை படத்தை வாசித்தால் 300 முறையும் வாசிப்பு இரைச்சல், அதாவது வாசிக்கும்போது சேரும் மின் புள்ளிக் கோளாறு, கூடும். இருட்டான வானத்தில் அது மங்கலான பகுதிகளை விழுங்கிவிடும். அதனால்தான் டிராக்கர் என்றேன். நான் சொன்னதை எப்போதும் பாதியோடு நிறுத்திவிட்டுப் படிப்பதே உங்கள் வழக்கம், வியாழன் விவாதத்திலும் இதே கதைதான்.

கூகை:
வியாழன் விவாதத்தில் தோற்றது யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

துருவன்:
யாருக்கும் தெரியாது, நீங்கள்தான் பாதியில் ஓடிப்போனீர்களே. சரி, கோடா புள்ளியா? கார்த்திகைக் கூட்டத்தை எடுத்துப் பார்க்கிறேன் என்று தப்பிக்கவும் முடியாது. நடுவரையிலிருந்து 24 பாகை தள்ளியிருந்தும் அங்கே வேகம் பத்து சதவீதம்கூடக் குறைவதில்லை.

பலகைக்காரர்:
இந்நேரத்துக்கு இரண்டு பலகை அறுத்து முடித்திருக்கலாம்.

கற்றுக்குட்டி:
நேற்றிரவு முயன்று பார்த்தேன். 50 எம்எம், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600. இருவருக்கும் நடுவில் இருக்கட்டும் என்று நான்கு விநாடி வைத்தேன். 80 படம். எல்லா நட்சத்திரமும் பெரிய பெரிய வட்டமாக வந்திருக்கிறது. மேகமூட்டம் அண்ணா ஃபோகஸ் பற்றிச் சொன்னதைக் காலையில்தான் கவனித்தேன், ஃபோகஸ் முடிவிலிக் குறியிலேயே இருந்துவிட்டது.

கூகை:
வட்டமாக! கோடாக அல்ல, வட்டமாக! டிராக்கர் இல்லாமல்! வேறு சாட்சி வேண்டுமா?

துருவன்:
அந்த வட்டத்துக்குள் மூன்று பிக்சல் கோடு ஒளிந்திருக்கிறது. ஃபோகஸ் சரியாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அதோடு அது நான்கு விநாடி. நாம் பேசுவது பத்து விநாடி பற்றி.