ஃப்ரீடைப்பை வைத்துக்கொள்வதா, கழற்றுவதா?

பக்கம்புரட்டி
எங்களுடையது ஒரு சின்ன ஆவண வாசிப்பான். பிடிஎஃப், இபப் (மின்னூல் கோப்பு) இரண்டையும் திறக்கும். எந்த எழுத்து எங்கே வர வேண்டும் என்பதை ஹார்ஃப்பஸ் பார்த்துக்கொள்கிறது, அந்த எழுத்தின் வடிவத்தைப் பிக்சலாக மாற்றித் தருவது ஃப்ரீடைப். இதுவரை தொந்தரவு எதுவும் இல்லை. இப்போது குழுவில் ஒருவர், "குரோமே ரஸ்ட் மொழியில் எழுதிய ஸ்க்ரிஃபா லைப்ரரிக்கு மாறிவிட்டது, நாம் மட்டும் ஏன் சி-யில் எழுதிய பழைய லைப்ரரியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்" என்கிறார். இன்னொருவர் எஸ்டிபி ட்ரூடைப் என்ற குட்டி லைப்ரரி போதும், ஒரே ஒரு ஹெடர் கோப்பு, வேலை முடிந்தது என்கிறார். இரண்டு தரப்பும் அடித்துக்கொள்ளுங்கள், நான் ஓரமாக உட்கார்ந்து கேட்கிறேன்.

துருவன்
மாற்றுங்கள். உங்கள் நிரல் திறப்பது முன்பின் தெரியாத யாரோ அனுப்பிய கோப்பு. அதற்குள் பொதிந்திருப்பது யாரோ செய்த எழுத்துரு. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துருக் கோப்பு சும்மா கிடக்கிற தரவு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ட்ரூடைப் என்ற எழுத்துரு வடிவத்தில் ஒவ்வொரு கிளிஃபும் (எழுத்தின் வரைவடிவம்) தனக்கென ஒரு குட்டி நிரலை வைத்திருக்கலாம். ஸ்டாக்கில் எண்களைப் போட்டு எடுத்து, புள்ளிகளை நகர்த்தி, லூப் கூடப் போடும் நிரல். அதை இயக்க ஃப்ரீடைப்புக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரமே இருக்கிறது. அதோடு, "இந்த அட்டவணை அங்கே இருக்கிறது, நீளம் இவ்வளவு" என்று கோப்பே சொல்வதை நம்பி நினைவகத்தில் தாவும் கோட் ஏராளம்.

2020 அக்டோபரில் என்ன நடந்தது? எழுத்துருவுக்குள் பொதிந்த பிஎன்ஜி படத்தின் அகலமும் உயரமும் 32 பிட்டில் வரும். ஃப்ரீடைப் அவற்றை 16 பிட் இடத்தில் போட்டுக்கொண்டு, சுருங்கிப்போன அந்த எண்ணை வைத்து நினைவகம் ஒதுக்கியது. பிஎன்ஜி லைப்ரரியோ முழு அளவுக்கு எழுதித் தள்ளியது. குரோம் பயனர்கள் மீது நிஜமாகவே தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோதுதான் அது பிடிபட்டது. 2025 மார்ச்சில் மறுபடியும் அதே கதை. மாறும் எழுத்துருக்களில் (ஒரே கோப்பில் தடிமன், அகலம் மாற்றக்கூடியவை), பல வடிவங்களைச் சேர்த்து உருவாக்கிய கூட்டுக் கிளிஃபுகளைப் படிக்கும் இடத்தில், கழித்தல் குறி வரக்கூடிய ஒரு சிறிய எண்ணைக் குறி இல்லாத பெரிய எண்ணில் போட்டார்கள். கணக்கு சுற்றிக்கொண்டு வந்து மிகச் சிறிய இடம் ஒதுக்கப்பட்டது, அதற்கு வெளியே எழுதப்பட்டது. இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்?

பழையபைட்
தம்பி, அந்த 2025 பக் 2.13.0 வரையிலான பதிப்புகளில்தான் இருந்தது. அதற்கடுத்த பதிப்பு 2023-லேயே வந்துவிட்டது. அறிவிப்பு வந்தபோது மாட்டிக்கொண்டவர்கள் யார்? பழைய பிரதியைத் தங்கள் நிரலுக்குள் ஒட்டி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காதவர்கள். ரஸ்ட் லைப்ரரியையும் இப்படி ஒட்டிவைத்து மறந்தால் அதே கதிதான்.

குரோம் மாறிவிட்டது என்பதையும் முழுசாகச் சொல்லுங்கள். 133-ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸ், ஆண்ட்ராய்டு, குரோம் ஓஎஸ் மூன்றிலும் வெப் எழுத்துருக்கள் ஸ்க்ரிஃபா வழியாகப் போகின்றன. உண்மை. ஆனால் ஸ்க்ரிஃபா கொடுப்பது என்ன? வளைகோடுகள். அவ்வளவுதான். அந்தக் கோடுகளைப் பிக்சலாக்குவது குரோமில் ஸ்கியா என்ற வரைகலை லைப்ரரியின் வேலை. இவரிடம் ஸ்கியா இருக்கிறதா? இல்லையென்றால் பிக்சலாக்கும் ராஸ்டரைசர் ஒன்றைத் தனியாகத் தேடிப் பிடித்து இணைக்க வேண்டும். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் வேலை இல்லை இது.

துருவன்
அண்ணே, ராஸ்டரைசர் ரஸ்டிலும் இருக்கிறது. டைனி ஸ்கியா, ஜீனோ என்று எடுத்துக்கொள்ளலாம். நான் கேட்பது வேறு. ஃப்ரீடைப் இத்தனை ஆண்டுகளாக ஓஎஸ்எஸ்-ஃபஸ்ஸில் (கன்னாபின்னா உள்ளீடுகளைக் கொடுத்துப் பிழை தேடும் கூகுள் சேவை) இரவும் பகலும் அடி வாங்குகிறது. 1996-இல் தொடங்கிய திட்டம், எத்தனையோ கண்கள் பார்த்த கோட். அப்படியிருந்தும் இந்த ஓட்டைகள் வந்தன என்றால், சிக்கல் எழுதியவர்களிடம் இல்லை, எழுதிய மொழியில் இருக்கிறது.

பழையபைட்
அந்த இரண்டு பக்கும் எண் வகை மாற்றத்தில் வந்தவை. ரஸ்டில் மட்டும் என்ன? 'ஆஸ்' என்று போட்டு 32 பிட்டை 16 ஆக்கினால் அதுவும் சத்தமில்லாமல் வெட்டிவிடும். கம்பைலர் ஒரு வார்த்தை பேசாது.

துருவன்
வெட்டும், சரி. அதற்கப்புறம் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி. சின்னதாக ஒதுக்கிய இடத்துக்கு வெளியே எழுதப் போனால் ரஸ்ட் அங்கேயே நிறுத்திவிடும். உங்கள் வாசிப்பான் ஒரு பக்கத்தைக் காட்டாமல் போகும், மிஞ்சிப்போனால் செத்து விழும். சி-யில் பக்கத்து நினைவகம் அழிந்து, தாக்குபவர் கையில் சாவி கிடைக்கும். இரண்டும் பக் தான், விளைவு ஒன்றா?

பழையபைட்
இதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒருகோப்பு
இவ்வளவு பெரிய சண்டை எதற்கு? எஸ்டிபி ட்ரூடைப்பை எடுத்து ஒரு வரியில் சேருங்கள். எந்தச் சார்பும் இல்லை, உரிமத் தொல்லையும் இல்லை, பப்ளிக் டொமைன். பிக்சலின் எத்தனை பரப்பை வடிவம் மூடுகிறது என்று துல்லியமாகவே கணக்கிடுகிறது. என் விளையாட்டுகள் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன.

துருவன்
அந்தக் கோப்பின் தலைப்பகுதியைப் படித்தீர்களா? பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை, நம்பத்தகாத எழுத்துருக் கோப்புகளில் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதியவரே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். உங்கள் விளையாட்டில் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். இவருடைய வாசிப்பானில் அதைத் தேர்ந்தெடுப்பது ஊர் பேர் தெரியாதவர்.

ஒருகோப்பு
சரி, அது நியாயம். விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.



கண்ணாடிக்காரி
பாதுகாப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். எழுத்து கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லையே. எஸ்டிபியில் ஹின்டிங், அதாவது கோடுகளைப் பிக்சல் கட்டத்தோடு ஒட்டவைப்பது, கிடையாது. வாசிப்பானுக்கு அது சின்ன விஷயமா?

ஒரு கணக்கு பாருங்கள். ட்ரூடைப் எழுத்துருவில் எம் சதுரம் (எழுத்தை வரையும் அளவுச் சதுரம்) வழக்கமாக 2048 அலகு. அதை 16 பிக்சலில் வரைந்தால் 128 அலகு ஒரு பிக்சல். செங்குத்துக் கோடு ஒன்றின் தடிமன் 150 அலகு என்று வையுங்கள். ஃப்ரீடைப் பிக்சலை 64 ஆகப் பிரித்துக் கணக்கு வைக்கும், அந்தக் கணக்கில் இது 75. அதாவது ஒரு பிக்சலும் கொஞ்சமும். கோட்டின் இடது விளிம்பு ஒரு பிக்சலுக்குள் 0.4 தூரத்தில் விழுந்தால், அந்தப் பிக்சலில் 60 சதவீதம், அடுத்ததில் 57 சதவீதம் மூடப்படும். ஒரு கருப்புக் கோடு வர வேண்டிய இடத்தில் இரண்டு சாம்பல் கோடுகள். அதே எழுத்து அடுத்த முறை வேறு பின்னத்தில் விழுந்தால் வேறு சாம்பல். படிப்பவருக்குக் காரணம் தெரியாது, "எழுத்து மங்கலாக இருக்கிறது" என்று மட்டும் புகார் வரும். சாதாரணத் திரையிலும் மின்தாள் கருவியிலும் இது பளிச்சென்று தெரியும்.

துருவன்
அடர்த்தியான திரை வந்த பிறகு ஹின்டிங்குக்கு வேலை குறைந்துவிட்டதே. மேக்கில் எழுத்துருவின் ஹின்டிங் குறிப்புகளைக் கண்டுகொள்வதே இல்லை, யாரும் செத்துப்போகவில்லை. அப்புறம், ஸ்க்ரிஃபாவிலும் ட்ரூடைப் ஹின்டிங், அடோபியின் சிஎஃப்எஃப் வடிவத்துக்கான ஹின்டிங், எழுத்துருவின் குறிப்பு இல்லாமலே ஒட்டவைக்கும் ஆட்டோஹின்டர் மூன்றும் உண்டு.

கண்ணாடிக்காரி
அந்த ஆட்டோஹின்டர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஃப்ரீடைப்பிலிருந்து பெயர்த்தது! சரியா வருகிறதா என்று அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்ததும் ஃப்ரீடைப் தரும் விடையோடுதான்.

பழையபைட்
அந்த ஆட்டோஹின்டர் வளர்ந்த கதையும் சுவையானது. ட்ரூடைப் ஹின்டிங் நிரலை இயக்கும் முறைக்கு ஆப்பிளிடம் காப்புரிமை இருந்தது. அது காலாவதியாகும் 2010 வரை ஃப்ரீடைப் அந்த நிரலை இயக்கும் தன் பகுதியை இயல்புநிலையில் மூடியே வைத்திருந்தது. எழுத்துருவின் உள்நிரலைத் தொடாமல், வடிவத்தை மட்டும் பார்த்துத் தானே ஊகிக்கும் வழி அதனால் தேவைப்பட்டது. சிஎஃப்எஃப் பகுதியைப் பின்னர் 2013-இல் அடோபியே எழுதிக் கொடுத்தது. இப்படி ஒவ்வொரு அடுக்கும் ஒரு காரணத்துக்காக உள்ளே வந்தது. "பழைய லைப்ரரி" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல்.

தமிழுக்கு நான் பரிந்துரைப்பது, செங்குத்துத் திசையில் மட்டும் ஒட்டவைக்கும் லேசான ஹின்டிங். கிடைமட்டத்தில் நகர்த்தினால் 'ண', 'ணை' போன்றவற்றின் சுழிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

சுழியன்
நடுவில் ஒரு கேள்வி. நான் ஃப்ரீடைப்பை மட்டும் வைத்துப் பார்த்தேன், 'கொ' உடைந்து வந்தது. இந்தக் குறை ஸ்க்ரிஃபாவில் சரியாகிவிடுமா?

பழையபைட்
ஆகாது. அது இரண்டின் வேலையுமே இல்லை. 'கொ' என்பது கோப்பில் 'க', அதன் பிறகு ஒகரக் குறி. திரையில் ஒற்றைக்கொம்பு முன்னால், கால் பின்னால் வர வேண்டும். பிரித்து இடம் மாற்றுவது ஹார்ஃப்பஸ் போன்ற ஷேப்பர். ஃப்ரீடைப்பிடம் கிளிஃப் எண்ணைக் கொடுத்தால் அதை வரைந்து தரும், கேள்வி கேட்காது.

மூடியகதவு
துருவனும் பழையபைட்டும் மறந்த ஒன்று: இவர் பிடிஎஃப் என்று சொல்லியிருக்கிறார். குரோம் ஸ்க்ரிஃபாவை எடுத்தது வெப் எழுத்துருக்களுக்கு. அங்கே வருவது எல்லாம் ஓப்பன்டைப் குடும்பம். பிடிஎஃபில் டைப் 1 என்ற பழைய அடோபி வடிவம் வரும், வெற்று சிஎஃப்எஃப் வரும், பாதி அட்டவணைகளை உருவிவிட்டுப் பொதித்த ட்ரூடைப் வரும். எழுத்தைக் குறியீட்டோடு பொருத்தும் அட்டவணையே இல்லாமல் கூட வரும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் தன்மை ஃப்ரீடைப்புக்குப் பழக்கத்தில் வந்தது. குரோமில் பிடிஎஃப் காட்டும் பிடிஎஃபியமே ஃப்ரீடைப்பின் மேல் வளர்ந்ததுதான்.

துருவன்
டைப் 1 ஐ சிஎஃப்எஃப் ஆக மாற்றிவிட்டால் போகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம்.

மூடியகதவு
யார் எழுதுவார்கள் அந்த மாற்றியை? நம்பத்தகாத கோப்பைப் படிக்கும் இன்னொரு பார்சர் தானே அது? ரஸ்டில் எழுதலாம், ஒத்துக்கொள்கிறேன். அது வரும்வரை என் வழி இது. ஃப்ரீடைப்பைத் தனி ப்ராசஸில் போட்டுக் கதவைச் சாத்துங்கள். கோப்பைத் திறக்கவோ, வலைக்குப் போகவோ அதற்கு அனுமதி வேண்டாம். எழுத்துருவின் பைட்டுகள் உள்ளே போகும், பிக்சல் வெளியே வரும், அவ்வளவுதான். வேகம் குறையுமே என்பீர்கள். ஒரு கிளிஃபை ஒரு அளவில் ஒரு முறை வரைந்து கேஷில் வைத்துவிட்டால், அடுத்த பக்கங்களுக்குப் பெரும்பாலும் அந்த ப்ராசஸைக் கேட்கவே வேண்டியிருக்காது.

இன்னொன்று, தேவையில்லாததைத் தொகுக்கும்போதே வெட்டுங்கள். பிஎன்ஜி ஆதரவு, பொதிந்த பிட்மேப், பழைய பிட்மேப் வடிவங்களான பிசிஎஃப், பிடிஎஃப் (இது ஆவணம் இல்லை, பெயர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பில்லை), விண்டோஸ் எஃப்என்டி எல்லாமே கழற்றக்கூடியவை. 2020 ஓட்டை பிஎன்ஜி இல்லாமல் தொகுத்தவரைத் தொட்டிருக்காது. மாறும் எழுத்துரு ஆதரவையும் மூடினால் 2025 ஓட்டையின் பாதையும் இல்லை.

கண்ணாடிக்காரி
மாறும் எழுத்துருவை மூடினால் இபப் என்ன ஆகும்? தடித்த எழுத்து வர வேண்டிய இடத்தில் இயல்பான தடிமன்தான் வரும்.

மூடியகதவு
பிடிஎஃபில் மாறும் எழுத்துரு அப்படியே வராது, ஒரு நிலையில் உறையவைத்துத்தான் பொதிப்பார்கள். அதனால் பிடிஎஃப் பக்கம் இழப்பு இல்லை. இபப் பக்கம் நீங்கள் சொல்வது சரி.

பக்கம்புரட்டி
அப்படியானால் இரண்டாகப் பிரிக்கிறேன். பிடிஎஃபுக்கு ஃப்ரீடைப், வெட்டிக் குறைத்து, தனி ப்ராசஸில். இபப்புக்கு ஸ்க்ரிஃபா, பின்னால் டைனி ஸ்கியா. அங்கே வருவது வெப் எழுத்துருக்கள்தானே, குரோம் சோதித்த பாதை அப்படியே பொருந்தும்.

பழையபைட்
இரண்டு லைப்ரரி, இரண்டு ராஸ்டரைசர். ஒரே எழுத்துரு ஒன்றில் கொஞ்சம் தடிமனாகவும் மற்றதில் மெலிதாகவும் தெரியும், புகார் வரும் பாருங்கள்.

துருவன்
எழுத்தின் தடிமன் பற்றிப் புகார் வரட்டும் அண்ணே, நினைவக ஓட்டை பற்றி வராமல் இருந்தால் சரி. ஸ்க்ரிஃபாவின் கோடுகளையே ஃப்ரீடைப்பின் ராஸ்டரைசரில் கொடுத்தும் வரையலாம். அந்தப் பகுதி எழுத்துருக் கோப்பைத் தொடுவதே இல்லை, வெறும் புள்ளிகளை வாங்குகிறது.

பக்கம்புரட்டி
அது எனக்குப் பிடித்திருக்கிறது. தடிமனும் ஒன்றாகவே வரும். கோடுகளை ஃப்ரீடைப்பின் வடிவத்துக்கு மாற்றும்போது 64-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கினால் வளைவுகள் நெளியாதா?

பழையபைட்
ஃப்ரீடைப்பும் அதே 64-இல்தான் கணக்கு வைக்கிறது, அதனால் புதிதாக எதுவும் நெளியாது. வெட்டிவிடாமல் பக்கத்து எண்ணுக்கு ரவுண்டு செய்யுங்கள், அது போதும்.