தாத்தாவின் மிருதங்கக் கட்டையில் விரிசல், தேறுமா?

நாற்பது வருஷமா வாசிக்கிறேன். பழைய கட்டைக்கு, அதாவது மரக் கூட்டுக்கு, புது மூட்டு (தோல் முகம்) போட்டுப் பேச வைக்கிறது என் பைத்தியம். இப்ப பரணிலிருந்து இறங்கினது தாத்தாவோடது: 24 அங்குலம், பலா, தக்கு (தாழ்ந்த) சுருதி. மூட்டை இழுத்துக் கட்டுற தோல் வார் தொட்டாலே பொடியுது. தொப்பி, அதாவது இடது பக்க விளிம்பிலிருந்து நாலு விரல் நீளம் விரிசல். டார்ச் அடிச்சா உள்ளே உளித் தடம் அப்படியே இருக்கு. கடைக்காரர், “தூக்கிப் போடுங்க சார், புதுசு தர்றேன்”ங்கிறார். மனசு வரலை.

கும்கிப்பிரியன்: உள்ளே விளக்கை வச்சு, அறையை இருட்டாக்கிப் பாருங்க. வெளிச்சம் கசிஞ்சாத்தான் கவலை. பலா மரத்தூளையே பசையில் குழைச்சு அடைச்சு, கயிறு இறுக்கி ரெண்டு நாள் விடுங்க. உள்ளே மட்டும் கடையாதீங்க, சுவர் மெலிஞ்சா நாதம் போயிடும்.

ஊர்சுத்தி: வாருக்குப் பதிலா நட்டு போல்ட் போடுங்களேன். ஸ்பேனர் இருந்தா மூட்டை நாமே மாத்திக்கலாம்.

கும்கிப்பிரியன்: கச்சேரிக்கு ஓடுறவருக்குச் சரி. இதுக்கு எருமைத்தோல் வார்தான் அழகு.

கேட்டவர்: வெளிச்சம் விளிம்பில் ஒரு விரலளவுதான் கசிஞ்சது, அடைச்சாச்சு. வாரே போட்டேன். வலந்தலைக்கு, அதாவது வலது முகத்துக்கு, கிட்டக்கல் பொடியும் சோறும் சேர்த்து, பூச்சு மேல பூச்சா கல்லால் தேய்ச்சு, நடுவில் கறுப்பு வட்டமா கரணை வைக்கிறதுக்குள்ள மூட்டு போட்டவருக்கு முழங்கை விட்டுப்போச்சு. சனிக்கிழமை சுருதி சேர்த்தேன். தொப்பியில் ரவை ஒட்டி ஒரு ‘தொம்’ போட்டதும் சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லலை. ராத்திரி ரவையைச் சுரண்ட மறந்துட்டேன். காலையில பார்த்தா எலி ருசி பார்த்திருக்கு, தொப்பித் தோலோட சேர்த்து!