மகளிர் உரிமைத்தொகையால் குடும்பத்துக்குள் ஏற்பட்ட மாற்றத்தை எப்படி ஆராய்வது?

பாலக்கோடு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். பொருளியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தருமபுரி மாவட்டக் குடும்பங்களில் ஏற்படுத்தியுள்ள விளைவுகளை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் 2023 ஜூலை 24 அன்று நம் தொப்பூரில்தான் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்களும் 1989இல் இந்த மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கப்பட்டன. எனவே களத்துக்காக வேறு மாவட்டம் தேட வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

தொகை பெறும் பெண்களையும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பெண்களையும் சந்தித்து, மாதம் 1000 ரூபாயை என்ன செலவு செய்கிறார்கள் என்று கேட்டு, இரு தரப்புக் குடும்பச் செலவுகளையும் ஒப்பிடுவது என் திட்டம். இந்த ஒப்பீடு நிற்காது என்று என் நெறியாளர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஏன் நிற்காது, அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கிருஷ்ணகிரி, புள்ளியியல் (ஓய்வு):

உங்கள் நெறியாளர் சொன்னது சரிதான் அம்மா. 2023இல் ஏறத்தாழ 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்து, 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். மற்றவர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டு நீக்கப்பட்டவர்கள் அல்லர். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேல், நன்செய் ஐந்து ஏக்கருக்கோ புன்செய் பத்து ஏக்கருக்கோ மேல், மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்கு மேல், வீட்டில் கார் என்று ஏதோ ஓர் அளவுகோலின்படி விலக்கப்பட்டவர்களே அவர்களில் மிகுதி. அவர்கள் வீட்டில் முட்டையும் பாலும் அதிகம் வாங்கப்பட்டால் அது அவர்களுடைய வசதியைத்தான் காட்டுமே தவிர, உரிமைத்தொகையைப் பற்றி எதையும் சொல்லாது.

அளவுகோலின் விளிம்பில் நிற்பவர்களை மட்டும் எடுத்து, ஒன்பதரை ஏக்கர்காரரையும் பத்தரை ஏக்கர்காரரையும் ஒப்பிடலாமே என்று யாராவது ஆலோசனை சொல்லக்கூடும். புத்தகத்தில் அது நல்ல முறை. நம் ஊரிலோ பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், பங்காளிகள் நால்வர் வாய்ப்பேச்சாகப் பிரித்து உழுதுகொண்டிருப்பார்கள். அந்த விளிம்பு காகிதத்தில் மட்டுமே உள்ளது.

மெக்சிகோவில் 1997இல் புரோகிரேசா என்ற உதவித்தொகைத் திட்டம் தொடங்கியபோது, மதிப்பீட்டுக்கு எடுத்த 506 கிராமங்களில் 320 கிராமங்களுக்கு முதலிலும் 186 கிராமங்களுக்குப் பிறகும் என்று குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்தார்கள். அதனால்தான் பள்ளி வருகை கூடியதற்குத் திட்டமே காரணம் என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. இங்கே 2023 செப்டம்பர் 15 அன்று மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டதால் அந்த வாய்ப்பு இல்லை. முன்பு, பின்பு என்று ஒப்பிடுவதிலும் சிக்கல் உண்டு. அதற்கு மூன்று வாரம் முன்புதான், ஆகஸ்ட் 25 அன்று, காலை உணவுத் திட்டம் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் புதுமைப்பெண் திட்டமும், 2021இலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் வந்துவிட்டன. ஒரே வீட்டில் தாய்க்கும், கல்லூரி மகளுக்கும், மூன்றாம் வகுப்புப் பையனுக்கும் தனித்தனியே ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்கும்போது, எந்தத் திட்டத்தால் எந்த மாற்றம் என்று பிரித்துச் சொல்வது முதுகலை ஆய்வேட்டின் சக்திக்கு அப்பாற்பட்டது.

அரூர், மகளிர் குழுக் களப்பணி:

ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். "ஆயிரம் ரூபாயை என்ன செய்தீர்கள்" என்ற கேள்வியே பயன்படாது. குழுத் தவணைக்குக் கட்டினேன் என்று ஓர் அம்மா சொல்வார். அதுவரை தவணைக்குப் போய்க்கொண்டிருந்த கூலிப் பணம் இப்போது பிள்ளையின் டியூஷனுக்குப் போகிறது என்பதை நாம் கேட்டாலொழிய அவர் சொல்லமாட்டார். எல்லாப் பணமும் ஒரே சுருக்குப்பையில் விழுந்த பிறகு, எந்த நோட்டு எதற்குப் போனது என்று யாரால் சொல்ல முடியும்?

அதற்குப் பதிலாக, பணம் வந்த குறுஞ்செய்தி யாருடைய கைப்பேசிக்கு வருகிறது, ஏடிஎம் அட்டை யாரிடம் இருக்கிறது, எடுத்துவரப் போவது யார், கடைசியாக நூறு ரூபாய்க்கு மேல் யாரிடமும் கேட்காமல் வாங்கிய பொருள் எது, வட்டிக்குக் கைமாற்று வாங்குவது குறைந்ததா என்று கேளுங்கள். கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் வீட்டுக்கும், உள்ளூரிலேயே இருக்கும் வீட்டுக்கும் பதில்கள் வெகுவாக வேறுபடும். ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்ணுக்குத்தான் தொகை என்பதால், கூட்டுக் குடும்பத்தில் பெரும்பாலும் மாமியாருக்கு வருகிறது. மருமகளிடம் தனியாகப் பேசாவிட்டால் உங்களுக்குப் பாதி வீடுதான் தெரியும். மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது எடுத்த பேட்டியை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

நிராகரிக்கப்பட்டவர்களை முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒப்பீட்டுக்காக வேண்டாம். ஆனால் சித்தேரி போன்ற மலையூர்களில் தகுதி இருந்தும் ஆவணச் சிக்கலால் விடுபட்டவர்கள் யார், மேல்முறையீடு செய்தார்களா என்பது தனி அத்தியாயமாகும் அளவுக்குப் பெரிய விஷயம்.

பாலக்கோடு மாணவி:

இருவருக்கும் மிக்க நன்றி. யார் கையில் பணம் இருக்கிறது என்பதை மட்டும் ஆராய்ந்தால், இது பொருளியல் ஆய்வா என்று தேர்வாளர் கேட்கமாட்டாரா என்பதே இப்போது என் தயக்கம்.

கிருஷ்ணகிரி, புள்ளியியல் (ஓய்வு):

கேட்டால் தென்னாப்பிரிக்க முதியோர் ஓய்வூதியத்தைப் பற்றிப் பொருளியலாளர் எஸ்தர் டூஃப்லோ 2003இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுங்கள். ஓய்வூதியம் பாட்டிக்கு வந்த வீடுகளில் பேத்திகளின் உயரத்துக்கேற்ற எடை மேம்பட்டிருந்தது, தாத்தாவுக்கு வந்த வீடுகளில் அப்படி மேம்படவில்லை என்பது அதன் முடிவு. அவர் பின்னர் நோபல் பரிசும் பெற்றவர் என்பதால் தேர்வாளர் அதற்குமேல் வாதாடமாட்டார்.

அரூர் அம்மையார் சொன்ன விடுபட்டோர் அத்தியாயத்தை நானும் ஏற்கிறேன். ஆனால் பேட்டிக்கான வீடுகளைச் சுய உதவிக் குழுப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். குழுவில் இருப்பவர்கள் ஏற்கெனவே வங்கிக்குப் போய்வந்து பழகியவர்கள் என்பதால், அட்டையைத் தாமே வைத்திருப்பவர்கள் அதில் அளவுக்கு மீறி வந்துவிடுவார்கள். தெருவாரியாக வீடுகளை வரிசைப்படுத்தி, குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு வீடு என்று எடுங்கள். ஓசூர்ப் பக்கம் ஆய்வை நீட்டிக்க நினைத்தால், அங்கே தொழிற்சாலைகளில் இளம்பெண்கள் பெருமளவில் சம்பளத்துக்குப் போவதைத் தனியே பதிவுசெய்துகொள்ள வேண்டியிருக்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளுக்குத் தெலுங்கும் கன்னடமும் பேசத் தெரிந்த ஒருவரை, அதுவும் பெண்ணாகப் பார்த்து, உடன் அழைத்துச் செல்லுங்கள்.