கஞ்சாவை மூலிகைன்னு சொன்னா ஏன் இவ்ளோ கோபம் வருது?

பால்கனி_கறிவேப்பிலை:
போன வாரம் இங்க ஒருத்தர் "கஞ்சாவ மருந்துன்னு சொல்றவன் எல்லாம் போதைக்கு சாக்கு தேடுறவன்"னு எழுதியிருந்தார், ரெண்டு நாளா மனசு ஆறல, அதான் தனித் திரியா போடுறேன். எனக்கு 52 வயசு, பொறந்து வளந்தது மதுரை, இப்ப இருக்கிறது டொரண்டோ. 2021ல பெருங்குடல்ல கேன்சர். ஆபரேஷன் முடிஞ்சு ஆக்சாலிபிளாட்டின்னு ஒரு கீமோ மருந்து ஏத்துனாங்க, கேன்சர் போச்சு, ஆனா போற போக்குல கை கால் நரம்பெல்லாம் கெட்டுப்போச்சு. ஃப்ரிட்ஜ்ல இருந்து தயிர் டப்பாவ எடுத்தா சுரீர்னு கரண்ட் அடிக்கும். ராத்திரி ஆனா பாதம் ரெண்டும் சித்திரை வெயில்ல வெறுங்காலோட மணல்ல நிக்கிற மாதிரி எரியும், போர்வை பட்டாலே தாங்காது, ஜாக்கெட் கொக்கி மாட்ட என் பொண்ணு வரணும். நரம்பு வலிக்கு டுலாக்செட்டின் குடுத்தாங்க, குமட்டிக்கிட்டே இருந்துச்சு. கபாபென்டின் குடுத்தாங்க, பகல் பூரா தூக்கக் கலக்கம்.

2023ல டாக்டர் எழுதிக்குடுத்து, லைசென்ஸ் உள்ள கம்பெனில கஞ்சாவ எண்ணெயா வாங்குறேன். இங்க நோயாளிகளுக்கு 2001ல இருந்தே அனுமதி உண்டு, 2018 அக்டோபர் 17ல இருந்து பெரியவங்க எல்லாருக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சுல 0.1 மில்லி இழுத்து விளக்கு வெளிச்சத்துல கோடு பாத்துட்டு வாயில விட்டுப்பேன். ஒன்றரை மணி நேரம் ஆகும். வலி போயிடாதுங்க, பக்கத்து ரூமுக்கு போய் உக்காந்துக்கும், சத்தம் கேக்கும் ஆனா என்னைப் போட்டு உலுக்காது. அஞ்சு மணி நேரம் தூங்குறேன். போன கோடைக்கு கறிவேப்பிலை தொட்டி பக்கத்துல ஒரு செடி வெச்சேன், வீட்டுக்கு நாலு செடி வரைக்கும் இங்க சட்டம் விடுது. அதுல இருந்து மருந்து எடுக்கல, எவ்ளோ வீரியம்னு எனக்கு எப்படி தெரியும். காலைல தண்ணி ஊத்திட்டு கொஞ்ச நேரம் பக்கத்துல நிப்பேன், துளசிக்கு ஊத்துறப்ப என்ன மனசோ அதே மனசு.

கம்பம்_பள்ளத்தாக்கு:
அக்கா உங்க வலிய நான் பொய்ங்கல. துளசியோட சேத்தீங்க பாருங்க, அங்கதான் எனக்கு வயிறு எரியுது. என் தம்பி 16 வயசுல ஆரம்பிச்சான். "இது சிவனோட மூலிகைண்ணே, சிகரெட்டுதான் கெடுதி"ன்னு எனக்கே பாடம் எடுத்தவன். 19 வயசுல டிவி மேல பெட்ஷீட்டப் போட்டு மூடுனான், நியூஸ் வாசிக்கிற பொம்பள அவன் பேரச் சொல்லுதாம். எங்கம்மா சோறு போட்டா முதல்ல அம்மா ஒரு வாய் சாப்பிட்டு காட்டணும், அதுக்கப்புறம்தான் தட்டுல கை வெப்பான். இப்ப 26 வயசு, மாசம் ஒரு ஊசி. 2019ல லான்செட் சைக்கியாட்ரிங்கிற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, டி.எச்.சி, அதாவது கஞ்சால போதை ஏத்துற பொருள், 10 சதவீதம், அதுக்கு மேல உள்ள சரக்க தினமும் எடுக்கிறவங்களுக்கு மனநோய் வர வாய்ப்பு, எடுக்காதவங்கள விட கிட்டத்தட்ட அஞ்சு மடங்குன்னு. எங்க ஊர்ல பொட்டலத்துக்கு லேபிள் கிடையாது, அதுல என்ன இருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது. உங்க பதிவ படிக்கப்போறது கேன்சர் வந்து பொழச்சவங்க மட்டும் இல்ல, 16 வயசுப் பையனும்தான் படிப்பான். அவன் கண்ணுல "மூலிகை"ங்கிற ஒரு வார்த்தைதான் படும்.

நெல்லை_சித்தா:
நான் சித்த மருத்துவம் படிச்சவ, அதனால இதுல ரெண்டு பேருகிட்டயும் பேசணும். கோரக்கர் மூலி, சிவமூலி, ஆனந்த மூலின்னு பேரு இருக்கிறது நிஜம். ஆனா அந்தப் பேர சொல்லிட்டு பீடில உருட்டி ஊதுறதுக்கும் சித்த மருந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இலைய சுத்தி பண்ணி, அதாவது நச்சு நீக்கி, வேற சரக்குகளோட சேத்து, லேகியமாவோ சூரணமாவோ அளந்துதான் குடுக்கணும். இந்திய மருந்துச் சட்டத்தோட இ1 அட்டவணைல கஞ்சா விஷச் சரக்குப் பட்டியல்லதான் இருக்கு, மருத்துவர் மேற்பார்வைலதான் சாப்பிடணும்னு லேபிள்ல எச்சரிக்கை போட்டே ஆகணும். இன்னொன்னு, இது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம்: டி.எச்.சி போய் ஒட்டுற அதே இடத்துல ஒட்டுற ஒரு பொருள நம்ம மூளையே செய்யுது, 1992ல ஜெருசலேம்ல மெக்கூலம் குழு அத கண்டுபிடிச்சு அதுக்கு வெச்ச பேரு ஆனந்தமைடு, நம்ம "ஆனந்தம்"தான். முதல் தடவ படிச்சப்ப எனக்கு சிலிர்த்துருச்சு. அக்கா செடிகிட்ட நிக்கிறத நான் தப்புன்னு சொல்லமாட்டேன்.

கம்பம்_பள்ளத்தாக்கு:
பேரு அழகா இருந்தா போதுமா டாக்டரம்மா. வலிக்கு ஆதாரம் எங்க? வலி ஆராய்ச்சிக்கான உலக சங்கமே 2021ல வலிக்கு கஞ்சா மருந்துகள பொதுவா பரிந்துரைக்க முடியாது, ஆதாரம் பத்தலன்னு சொல்லிட்டாங்களே.

இரவுப்_பணி_நர்ஸ்:
தம்பி சொல்றது சரி, அதுக்கு முன்னாடி 2017ல அமெரிக்க தேசிய அகாடமி பெரியவங்களோட நாள்பட்ட வலிக்கு கணிசமான ஆதாரம் இருக்குன்னு சொன்னதும் சரி, அதே அறிக்கைலதான் மனச்சிதைவு ஆபத்தும் இருக்கு, ரெண்டு பக்கமும் தனக்கு வேண்டிய பக்கத்த மட்டும் கிழிச்சு எடுத்துட்டு வர்றீங்க. எனக்கு கோபம் வேற இடத்துல. நான் கேன்சர் வார்டுல வேலை பாக்குறேன். 1985 போதைப்பொருள் சட்டத்தால நம்ம நாட்டுல கடும் வலிக்கு குடுக்கிற மார்ஃபினே நோயாளி கைக்கு வராம எத்தனையோ வருஷம் கெடந்துச்சு, 2014ல சட்டத்த திருத்துனாங்க, இன்னமும் மாத்திரைக்கு ரெண்டு பஸ் மாறி வர்றாங்க, வர முடியாதவங்க வலியோடயே போயிடுறாங்க. கஞ்சா புனிதமா விஷமான்னு அடிச்சுக்கிறதுக்கு முன்னாடி அந்த மாத்திரை தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் போகட்டும்னு கத்துறதுக்கு யாராவது வாங்க.

பால்கனி_கறிவேப்பிலை:
நர்ஸம்மா நான் வரேன், சத்தியமா.

கம்பம் தம்பி, உங்க பதிவ நாலு தடவ படிச்சேன். அம்மா ஒரு வாய் சாப்பிட்டு காட்டுற இடத்துல அதுக்கு மேல படிக்க முடியல. "துளசி"ய நான் திருப்பி வாங்கமாட்டேன், அது என் மனசுல இருக்கிறது. ஆனா 25 வயசுக்கு உள்ள யாரும், வீட்டுல யாருக்காவது மனநோய் இருந்தவங்க யாரும், இத பாத்து தொடாதீங்கன்னு முதல் பதிவோட முதல் வரியா சேக்கிறேன், அத நான் அப்பவே எழுதியிருக்கணும். அப்புறம், டிசம்பர்ல அம்மாவ பாக்க மதுரை வரேன். எண்ணெய கொண்டுவர முடியாது, டாக்டர் சீட்டு இருந்தாலும் கனடா எல்லைய தாண்டி எடுத்துட்டு போறது குத்தம், அங்க வந்து இறங்குனா அதுவும் குத்தம். மூணு வாரம் பல்ல கடிச்சுக்கிட்டுதான் இருக்கணும்.

கம்பம்_பள்ளத்தாக்கு:
முதல் வரில சேக்கிறேன்னதுக்கு நன்றிக்கா. நான் இன்னும் உங்க பக்கம் வரல. ஒன்னு கேக்கலாமா, கோடு பாத்து அளக்கிறவங்க கண்டிப்பா எழுதியும் வெப்பீங்க. மருந்து கேக்காத நாளையும் எழுதியிருக்கீங்களா? அதையும் இங்க போடுவீங்களா?

பால்கனி_கறிவேப்பிலை:
பச்சை அட்டை நோட்டு, எல்லாம் இருக்கு. முதல் மாசம் ஒரு நாள் நாப்பது நிமிஷம் ஆகியும் ஒன்னும் தெரியலன்னு இன்னொரு தடவ எடுத்துட்டேன், ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சு செத்துருவேன்னு நெனச்சு அவர் கைய விடாம புடிச்சுக்கிட்டு விடியிற வரைக்கும் உக்காந்திருந்தேன். போன மாசம் முப்பது நாள்ல பதினோரு நாள் கேக்கல, அதுல நாலு நாள் சுத்தமா தூக்கமில்ல. நாளைக்கு பக்கத்த எல்லாம் போட்டோ எடுத்து போடுறேன், என் கையெழுத்து இப்ப கோணலா இருக்கும், புரியலன்னா கேளுங்க தம்பி.