சிகிச்சைப் பணியை விட்டு நுண்ணுயிரியலுக்குப் போகலாமா?

புதுக்காளை:
கால்நடை மருத்துவம் முடித்து இரண்டு வருடமாகச் சிகிச்சைப் பணியில் இருக்கிறேன். மடிநோய்க்குப் போடும் மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. ஏன் என்று தெரிந்துகொள்ள நுண்ணுயிரியலில் முதுநிலை படிக்கலாமா என்று யோசனை. அங்கே நாள் முழுக்க என்ன வேலை? மாட்டைத் தொடவே முடியாதா?

அகர்தட்டு:
பதினான்கு வருடமாக இதே வேலைதான். மாட்டைத் தொடுவீர்கள், பால் மாதிரி எடுக்க. காம்பு நுனியை 70% ஆல்கஹாலால் துடைத்து, முதல் பீச்சுகளைக் கொட்டிவிட்டுப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டால் வளர்ப்புத் தட்டில் மூன்று நான்கு வகை பாக்டீரியா வளரும். மாசு என்று தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி தொழுவத்துக்கு நடை. என் முதல் வருடம் பாதி இப்படித்தான் போனது.

அப்புறம் ஒரு பெரிய அடி. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு டிஸ்க் (மருந்து ஏற்றிய காகித வில்லை) வைத்துப் பார்த்து, பன்றிகளில் எடுத்த ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா எல்லாமே மருந்துக்கு அடங்குகிறது என்று எழுதி வைத்திருந்தேன். 2015 நவம்பரில் சீனாவிலிருந்து எம்சிஆர்-1 பற்றிய கட்டுரை வந்தது. கோலிஸ்டினை எதிர்க்கும் அந்த மரபணு பிளாஸ்மிடில், அதாவது பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். வயிற்றைக் கலக்கியது. உறைபெட்டியில் சேமித்திருந்த அந்த ஈ.கோலையை எடுத்துத் திரவ ஊடகத்தில் மறுபடி சோதித்தேன். கோலிஸ்டின் பெரிய மூலக்கூறு, அகரில் (தட்டில் இருக்கும் கூழ்) சரியாகப் பரவாது. டிஸ்க்கைச் சுற்றிப் பாக்டீரியா வளராமல் வரும் வளையத்தை நம்பவே கூடாது. நான் "அடங்கும்" என்று எழுதியவற்றில் ஏழு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியும் ஜம்மென்று வளர்ந்திருந்தன. அத்தனை அட்டவணையையும் திருத்தினேன். சொல்லப்போனால், இந்தத் துறை எனக்குப் பிடித்துப்போனது அந்த வாரத்தில்தான்.

இப்போது பாதி நாள் கணினி முன்னால், மரபணு வரிசைகளோடு. நிதி விண்ணப்பம் எழுதுவது தனி நரகம், அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

பழையஊசி:
படிப்பது இருக்கட்டும். மருந்து கேட்காததெல்லாம் எதிர்ப்புத்திறன் என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா மடித் திசுவுக்குள் பதுங்கிவிட்டால், லேபில் கேட்கும் மருந்து மாட்டில் கேட்காது. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் செல்சுவரே கிடையாது, செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின் அங்கே எதைத் தாக்கும்? மாதிரியை ஊசிக்கு முன்னால் எடுக்கிறீர்களா, பின்னாலா?

புதுக்காளை:
பின்னால்தான். மருந்து கேட்கவில்லை என்று தெரிந்த பிறகே அனுப்புவேன். பாதிக்கு மேல் "வளர்ச்சி இல்லை" என்றே வரும்.

அகர்தட்டு:
மருந்து கலந்த பாலில் வேறென்ன வரும்! அடுத்த பத்து மாட்டுக்கு முதலில் மாதிரி, பிறகு ஊசி. முடிவுகளை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.